ஒற்றைக் கழுகு நாள்

வாய் கோணியிருக்கிறதா, இல்லையா? நெகாவல் அம்மியை விட்டு எழாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள். மூலையில் பாய்மேல் உட்கார்ந்து சோளச் சருகில் பொம்மை கட்டிக்கொண்டிருந்தாள் மகள் கியாவ். ஆறு வயது. இடது கன்னம் ஒரு சுற்றுப் பெருத்தாற்போலத் தெரிந்தது, உதடும் அந்தப் பக்கமே ஒதுங்கியிருந்தது. வெளிச்சம் ஒரு பக்கமாக விழுவதால் அப்படித் தெரிகிறது, வேறொன்றுமில்லை. அப்படியென்றால் நேற்று எப்படி இருந்தது? நேற்றைய வாயை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். கண் வந்தது, மூக்கு வந்தது, நெற்றியில் கொசு கடித்த தடிப்புகூட வந்தது, வாய் மட்டும் வரவில்லை. பெற்ற பிள்ளையின் வாய் எப்படி இருந்தது என்று தெரியாதவளும் ஒரு தாயா? "கியாவ், அம்மான்னு சொல்லு பாப்போம்." பிள்ளை தலையை ஆட்டியது. "தலையை ஆட்டாதே, வாயைத் திறந்து சொல்லு." மறுபடியும் தலைதான் ஆடியது, உதடு பிரியவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் நெகாவல் எழுந்துபோய் முதுகில் ஒன்று வைத்து வாயைத் திறக்க வைத்திருப்பாள். இன்று கை வரவில்லை. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். தெரியாதவரைக்கும் வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கலாம் என்று குழவியை மறுபடி தள்ளினாள்.

இன்றைக்கு நாள் ஒன்று, கழுகு. ஏரி நடுவே இருக்கும் அந்தத் தெனோச்தித்லான் நகரத்தில் நாள்களுக்கு முதலை, காற்று, வீடு, முயல், கழுகு என்று இருபது உருவங்கள். கூடவே ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எண்கள். இரண்டும் சேர்ந்து சேர்ந்து சுற்றி, இருநூற்று அறுபது நாளைக்கு ஒரு முறை ஒன்றும் கழுகும் ஒரே நாளில் வந்து நிற்கும். அன்றைக்குப் பிரசவத்தில் செத்த பெண்கள் வானத்திலிருந்து நாற்சந்திக்கு இறங்கி வருவார்கள். அவர்களைச் சும்மா செத்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. போரில் செத்த ஆண்கள் காலையில் சூரியனைத் தூக்கிக்கொண்டு உச்சிவரை ஏறுகிறார்கள். உச்சியில் காத்திருந்து அதை வாங்கி மேற்கே இறக்குகிறவர்கள் இந்தப் பெண்கள். சூரியனும் ஒரு கழுகுதான், காலையில் ஏறும் கழுகு, மாலையில் இறங்கும் கழுகு. பிள்ளை பெறுவது போர், அதில் விழுந்தவள் வீரன். எல்லாம் சரி, பெருமைதான். ஆனால் பிள்ளையைக் கையில் வாங்காமலே போனவளுக்கு மற்றவள் பிள்ளையைப் பார்த்தால் வயிறு எரியாதா? எரியும். அதனால்தான் ஒற்றைக் கழுகு நாளில் வெளியே நிற்கிற குழந்தைகளுக்கு வாய் கோணும், கை சூம்பும், கண் சொருகும். பெற்றவர்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் போட்டு வாசல் பாயை இறக்கிவிடுவார்கள். நெகாவலும் இறக்கித்தான் வைத்திருந்தாள். ஆனால் விடிந்து எவ்வளவு நேரம் கழித்து இறக்கினாள்? புருஷன் தோச்லி கழுகு மண்டபத்திலிருந்து ஓடிவந்து மகளைக் கொஞ்சிவிட்டுப் போனானே, அப்போது பாய் மேலேதான் இருந்தது. அதற்குப் பிறகு அவள் அடுப்பை ஊதினாள், சோளம் வறுத்தாள். அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வறுத்த சோளத்தை நைசாக அரைத்து மாவாக்கி மூட்டை கட்டியாக வேண்டும். தண்ணீரில் கலக்கிக் குடித்தால் வழியில் பசி தாங்கும். தெற்கே, இருபது நாள் நடைக்கு அப்பால், வறண்ட மலை நாட்டின் மேல் படை போகிறது. சூரியன் உச்சிக்கு வரும்போது தோச்லி வந்து மாவு மூட்டையையும் கேடயத்தையும் எடுத்துக்கொண்டு போவான். கேடயம் அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. திரும்பாமலே அது இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். குழவியை முன்னே தள்ளும்போது அது தூரப் போகிறது, பின்னே இழுக்கும்போது கிட்டே வருகிறது. முன்னே தள்ளினால் பிள்ளை, பின்னே இழுத்தால் கேடயம். முட்டி வலித்தது. இந்த மாதமும் தள்ளிப்போய்விட்டது, மூன்றாவது மாதம். அதை இன்னும் தோச்லியிடம் சொல்லவில்லை. போருக்குப் போகிறவனிடம் சொன்னால் கால் பின்னும் என்று வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டதற்கு அது மட்டும்தான் காரணமா? ஷிலோவும் இப்படித்தான் மூன்றாம் மாதம்வரை யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து ஒதுக்கிவைத்த பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அக்காள் ஷிலோ. இரண்டு நாள் கத்தினாள், மூன்றாம் நாள் கத்தவில்லை. பிள்ளை உள்ளேயே இருந்துவிட்டது. மருத்துவச்சி வெளியே வந்து, இவள் ஜெயித்துவிட்டாள், கழுகுப் பெண்ணாகிவிட்டாள் என்று சொன்னபோது நெகாவலுக்கு அந்தக் கிழவியின் வாயிலேயே அறைய வேண்டும்போல் இருந்தது. பதினேழு வயசு அப்போது. பிணத்தைக் குளிப்பாட்டித் தலை அலசும் வேலை தங்கையுடையது. அழுக்கெடுக்கும் வேரை நசுக்கி, அந்த வேர் நுரையைத் தேய்த்துத் தேய்த்து அலசினாள். நீளமான முடி, இடுப்புக்குக் கீழே போகும். உயிரோடிருந்தபோது தலைவாரும் பொறுமை இல்லாமல் சிடுசிடுக்கிறவள், இப்போது இழுத்த இழுப்புக்கெல்லாம் தலையைக் கொடுத்தாள். வயிறு மட்டும் போர்வைக்குள் அப்படியே மேடாக இருந்தது. அறையில் யாரும் இல்லை. நெகாவல் கருங்கண்ணாடிக் கல் கத்தியை எடுத்து, காதுக்குப் பின்னால், பார்த்தால் தெரியாத இடத்தில், விரல் தடிமனுக்கு ஒரு கற்றையை அறுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அக்கா, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். அறுத்த பிறகுதான் கேட்டாள். இத்தனை வருஷமாக அதை மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறாள், கேட்டுவிட்டு அறுத்ததாக. இன்றைக்குக் குழவி முன்னும் பின்னும் போகிற போக்கில் உண்மை வந்துவிட்டது, முதலில் அறுத்தாள், பிறகுதான் கேட்டாள்.

எதற்கு அறுத்தாள் என்றால் தோச்லிக்காக. தோச்லி என்றால் முயல். முயல் நாளில் பிறந்தவன், அதற்கேற்ற சுபாவம், திடுக்கென்று ஒரு சத்தம் கேட்டால் தோள் துள்ளும். மூன்று போருக்குப் போய் மூன்றிலும் ஒரு கைதியைக்கூடப் பிடிக்காமல் வெறுங்கையோடு வந்தவன். முதல் கைதியைப் பிடிக்கும்வரை பையன்கள் பின்னந்தலைக் குடுமியை வெட்டக் கூடாது. அவன் வயசுக்காரன் எல்லாம் குடுமி வெட்டி, வீரனுக்குரிய மேல்துணி போட்டு, கல்யாணமும் பண்ணிக்கொண்டுவிட்டான். பாட்டு மண்டபத்தில் பெண்கள் இவனைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "குடுமி நாறுது, குடுமி நாறுது" என்று கூவுவார்கள். நெகாவலும் கூவியிருக்கிறாள், எல்லோரையும்விட உரக்க, மனசு யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று. நான்காவது போரிலும் வெறுங்கை என்றால் காலம் முழுக்கச் சுமை தூக்க வேண்டியதுதான், சுமைகாரனுக்கு எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? பிரசவத்தில் செத்தவளின் முடியோ நடுவிரலோ கேடயத்துக்குள் இருந்தால் எதிரியின் கண் மங்கும், கால் மரத்துப்போகும், வைத்திருப்பவனுக்குப் பயம் போகும். அதற்காகத்தான் பிணம் போகும் வழியில் இளவட்டங்கள் பாய்வார்கள். அதற்காகத்தான் கிழவிகள் கத்தியும் கேடயமுமாகப் பிணத்தைச் சுற்றிக் கூச்சலிட்டுக்கொண்டு போவார்கள். அந்தச் சாயங்காலம் தங்கை என்பதால் நெகாவலும் கேடயம் பிடித்து அவர்களோடு காவலுக்குப் போனாள், அன்றைக்கும் பாய்ந்தார்கள். கல் விழுந்தது, மண்டை உடைந்தது, விரல் யாருக்கும் கிடைக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் தோச்லி மூன்று தடவை முன்னே வந்தான், மூன்று தடவையும் நின்றுவிட்டான். பாவி, வாடா என்று நெகாவல் பல்லைக் கடித்தாள். நான்காவது தடவை அவன் வந்தபோது அவளே தடுக்கி விழுவதுபோல் அவன்மேல் விழுந்து, கையில் கற்றையைத் திணித்தாள். அவன் கையைத் தூக்கிக் காட்டினான். தெருவே பார்த்தது. நெகாவலின் கேடயத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிடுங்கிவிட்டான் அந்த முயல் என்று ஊரெல்லாம் பேச்சு. இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். மூன்று பேருக்கு.

பிடுங்கினால் வீரம், கொடுத்தால் அது என்ன? காவலுக்கு நின்றவளே கொடுத்தால்? அதற்கு இந்த ஊரில் பெயர்கூட இல்லை, யாரும் செய்ததில்லை. ஆனால் பலித்ததே. எட்டு வருஷத்தில் நான்கு கைதிகள், நான்காவதோடு கழுகு வீரன் பட்டம், இறகு வைத்த உடுப்பு, அலகு நீட்டிய தலைக்கவசம். அலகு திறந்திருக்கும், அதற்குள்ளிருந்து முகம் தெரியும். முயலைக் கழுகு விழுங்குகிற மாதிரி இருக்கிறது என்று அவளே கேலி செய்திருக்கிறாள், அவனும் சிரித்தான். முதல் கைதியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள். வழக்கப்படி தோச்லி அவனை மகனே என்றான், அவன் தோச்லியை அப்பா என்றான். பிடித்தவன் தகப்பன், பிடிபட்டவன் பிள்ளை, நெஞ்சைப் பிளக்கும் கல்லுக்குப் போகும்வரை அந்த உறவுதான். அவன் இருதயத்தைப் பூசாரி சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார், கழுகின் கள்ளிப் பழம் என்று அதற்குப் பெயர். தோச்லி அன்றைக்குச் சாப்பிடவில்லை. "அவன் தூங்கறப்ப வாயைத் திறந்து வச்சுக்கிட்டு தூங்கினான் நெகா, சின்னப் பிள்ளை மாதிரி" என்றான், அவ்வளவுதான், அப்புறம் அதைப் பற்றிப் பேசியதில்லை. அதற்காகவே அவனை அவளுக்குப் பிடிக்கும். அந்த மலை நாட்டிலும் இதே வழக்கம்தானே? எவனோ ஒருவன் இவனைக் கீழே தள்ளி முடியைப் பிடித்து மகனே என்று கூப்பிடுவான், இவனும் அப்பா என்று சொல்லத்தான் வேண்டும். உலகம் இருட்டாக இருந்தபோது யார் நெருப்பில் குதித்துச் சூரியனாவது என்று தேவர்கள் கூடினார்களாம். பகட்டாக வந்தவன் நான்கு தடவை ஓடிவந்து நான்கு தடவையும் விளிம்பில் நின்றுவிட்டான். உடம்பெல்லாம் புண்ணாக இருந்த ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு குதித்தான், அவன்தான் சூரியன். பின்னாலேயே ஒரு கழுகு குதித்து இறகு கருகி வெளியே வந்தது. கழுகைக் குதிக்கச் சொன்னது யார்? யாரும் அதைக் கேட்பதில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளியிருப்பார்கள் என்று நெகாவலுக்குத் தோன்றியது.

"ஏண்டி நெகாவல், சந்திக்குப் படையல் வச்சாச்சா?" சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு மோசெலின் தலை தெரிந்தது. பெரிய தலை, பெரிய குரல், ஊர்க் கவலையெல்லாம் தன் கவலை. "இல்லக்கா, மாவு அரைச்சுட்டு இருக்கேன்." "சீக்கிரம் வை. உச்சிக்கு முன்னாடி வைக்கணும். என் மூத்தவன் ஒண்ணுக்குப் போகணும்னு குதிக்கிறான், பானையிலயே போடான்னுட்டேன். ஆமா, உன் மக எங்கே?" "உள்ளதான் இருக்கா." "இப்ப உள்ள இருக்கா சரி. விடியக்காலையில தெருமுனையில நின்னுட்டு இருந்தாளே, அந்தச் சந்திக் கல்லுக்குப் பக்கத்துல. நான் தண்ணி எடுக்கப் போனப்ப பார்த்தேன். வாயில கையை வச்சுக்கிட்டு நின்னா. நீதான் அனுப்பினியோன்னு நெனச்சேன்." மோசெலின் தலை ஏதோ சொல்லிவிட்டு இறங்கிப் போனது. சந்திக் கல்லுக்குப் பக்கத்தில். வாயில் கையை வைத்துக்கொண்டு. அப்போதே இழுத்திருக்கிறது, பிள்ளை வலித்து வாயைப் பிடித்திருக்கிறது. கியாவ் பிறந்த ஆறு வருஷத்தில் எட்டு ஒற்றைக் கழுகு வந்து போனது, எட்டிலும் ஷிலோ சும்மா இருந்தாள். பிள்ளை தானாக நடந்து தன் காலடிக்கு வரட்டும் என்று காத்திருந்தாளா? அவள் எதையும் உடனே கேட்கிறவள் இல்லை. சின்ன வயசில் நெகாவல் அவள் சிவப்புப் பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு மாதம் கழித்து நெகாவலின் பாவாடைகள் எல்லாவற்றையும் எடுத்து ஏரியில் விட்டாள்.

முடியைக் கொடுத்துவிட்டால் பிள்ளையை விட்டுவிடுவாள். நினைப்பு வந்ததும் குழவி நின்றுவிட்டது. கொடுத்தால் தோச்லி எதைப் பிடித்துக்கொண்டு அந்த மலைக்குள் நுழைவான்? அவனுடைய தைரியம் அவனுடையதில்லை, அந்த விரல் தடிமன் முடியினுடையது, அது அவனுக்கும் தெரியும். கொடுக்காவிட்டால் கியாவ். வாய் கோணிய பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள், முதலில் வாய், அப்புறம் கை, அப்புறம் நுரை. வயிற்றில் இருப்பதையும் சேர்த்துக் கேட்பாளோ? அதுவும் குழந்தைதானே, அதுவும் இன்று இந்த நாளில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் ஒருவன், ஒரு பக்கம் இரண்டு பேர். சீ, இப்படியா நிறுப்பது, சந்தையில் மிளகாய் வாங்குகிற மாதிரி. அவனிடமே கேட்டுவிடலாம், உச்சிக்கு வருவானே. கேட்டால் கொடு என்றுதான் சொல்வான், மகள் என்றால் உயிர், சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவான், போய் அங்கே கூட்டத்தின் ஓரத்தில் மூன்று தடவை நின்று நான்காவது தடவையும் நிற்பான். தெரியாமல் போனால்? இருக்கிறது என்று நம்பிக்கொண்டு போனால்? எழுந்தாள். கால் மரத்திருந்தது. கேடயத்தை இறக்கிக் கவிழ்த்து, தன் கையாலேயே தைத்த உள்துணியின் தையலை ஊசி முனையால் பிரித்தாள். பஞ்சுக்கு நடுவே அது இருந்தது. கொஞ்சமும் நிறம் மங்கவில்லை. முகர்ந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. வேர் நுரை வாசனை இல்லை, தோச்லியின் வேர்வை வாசனைதான் அடித்தது. அதில் அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

சந்தி ஐம்பது அடி தூரம்தான். பட்டாம்பூச்சி வடிவில் சுட்ட மாவு ரொட்டிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டாள். பாயை இழுத்து இறக்கி, "அசையாதே, அப்படியே இரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். தெருவில் குஞ்சு குளுவான் ஒன்றும் இல்லை. மண்டை ஓட்டு முகமும் நகம் நீட்டிய கையுமாக, இறங்கி வருகிறவர்களின் உருவமாகச் செதுக்கிய கல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ காகித உடை சாத்தியிருந்தார்கள், ரப்பர்ப் பால் தெளித்த கறுப்புப் புள்ளிகள் இன்னும் காயவில்லை. இதில் ஷிலோ எது? எல்லாவற்றுக்கும் ஒரே முகம். நெகாவல் நடுவில் இருந்ததைப் பார்த்துப் பேசினாள், அது ஷிலோவாக இல்லாவிட்டால் சொல்லிவிடட்டும். அக்கா, இது உன்னுடையது. நீ கொடுக்கவில்லை, நான் எடுத்தேன். எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று எடுத்தேன், உன் வயிறு அப்படி இருக்கும்போது எனக்கு அந்த நினைப்பு இருந்தது, அதுதான் உண்மை. பிள்ளையை விட்டுவிடு. தூபக்கால் நெருப்பில் குங்கிலியம் புகைந்துகொண்டிருந்தது. கற்றையை அதில் போட்டாள். முடி சுருண்டு, ஒரு நொடி உயிருள்ளதுபோல் நெளிந்து, பொசுங்கியது. நாற்றம் மூக்கில் ஏறியது. எட்டு வருஷம் ஒரு மனுஷனைத் தூக்கி நிறுத்திய சமாச்சாரம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. சூரியன் உச்சிக்கு இன்னும் ஒரு கை அளவு இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் நெகாவல் மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். மகளை இழுத்து இரண்டு கன்னத்தையும் இரண்டு கையால் பிடித்தாள். கோணல் அப்படியே இருந்தது, இடது கன்னம் அப்படியே. எடுத்துக்கொள்ளவில்லையா? போதாதா? இன்னும் என்ன வேண்டும்? அழக் கூடாது என்று நினைக்கும் முன்பே அழுகை வந்துவிட்டது, அக்காள் செத்தபோதுகூட இப்படி வந்ததில்லை, மூச்சு முட்டி வாய் பிளந்து வந்தது. கியாவ் மிரண்டு போனாள். அம்மா அழுது அவள் பார்த்ததே இல்லை. அவள் கண்ணிலும் நீர் கோத்தது. பிறகு வாயைத் திறந்து, கன்னத்துக்குள்ளிருந்து நெல்லிக்காய் அளவு ஓர் உருண்டையை நாக்கால் தள்ளி உள்ளங்கையில் துப்பினாள். சப்போட்டாப் பிசின். "அடிக்காதேம்மா. நான் மெல்லவேயில்ல, சும்மாதான் வச்சிருந்தேன். அப்பாதான் குடுத்தார். அவர் தெருமுனை தாண்டினப்புறம் கூப்பிட்டுக் குடுத்தார். அம்மாவுக்குப் பிடிக்காது, வாயைத் திறக்காதேன்னார்." வாய் நேராக இருந்தது. முன்பல் ஒன்று இல்லாத, எச்சில் வழிகிற, சுத்தமான நேர் வாய். சப்தம் வரப் பிசின் மெல்வது ஒழுங்கான வீட்டுப் பெண்ணுக்கு அழகில்லை என்று ஆயிரம் தடவை சொன்னவள் நெகாவல்தான். அவள் அந்த உருண்டையை வாங்கிப் பார்த்தாள். பல் பட்ட தடம்கூட இல்லை. பிள்ளை சொன்னது நிஜம்தான், மெல்லவேயில்லை. சிரிப்பு வரும்போல் இருந்தது, அது வந்தால் நிற்காது என்று பயமாக இருந்தது.

தூரத்தில் முரசு கேட்டது. உள்துணி பிரிந்து பஞ்சு வெளியே தெரியக் கேடயம் மல்லாந்து கிடந்தது. அதைத் தைத்தாக வேண்டும். காலியாகத் தைக்கக் கை வரவில்லை. தோச்லி கிளம்பும்முன் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கிறவன், மேடு இல்லையென்றால் கண்டுபிடித்துவிடுவான். நெகாவல் தன் பின்னலைப் பிரித்து, காதுக்குப் பின்னால், பார்த்தால் தெரியாத இடத்தில், விரல் தடிமனுக்கு அறுத்தாள். அக்காளுக்கும் அவளுக்கும் ஒரே முடி, ஊரே சொல்லும். பஞ்சுக்கு நடுவே வைத்துத் தைத்தாள். வெளிப்பார்வைக்கு அப்படியே இருந்தது. ஆனால் முடி எந்தத் தலையிலிருந்து வந்தால் என்ன, அந்தத் தலைக்காரி பிரசவத்தில் செத்திருக்க வேண்டும், அப்போதுதான் பலிக்கும். ஊசி நின்றது. மூன்று மாதம். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் இது வெறும் முடி. படை இருபது நாளில் மலைக்குப் போய்விடும், அவனுக்கு இருபது நாளில் வேண்டும், அவள் ஆறு மாதத்துக்கு முன் சாக முடியாது. என்ன யோசிக்கிறேன் நான்? சாக வேண்டும் என்றா? இல்லை. கியாவை யார் பார்ப்பது? ஆனால் கற்றையை உள்ளே வைத்துத் தைத்தாகிவிட்டது. நாளைக்கு ஷிலோ உயிரைக் கேட்டு வந்தால், இதோ அறுத்துக் கொடுத்துவிட்டாயே, அப்புறம் என்ன தயக்கம் என்று சொல்வாள். அறுத்துவிட்டுத்தான் நெகாவல் எப்போதும் யோசிக்கிறாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்து, கேடயத்தைச் சுவரில் மாட்டினாள்.

பாயை விலக்கிக்கொண்டு தோச்லி உள்ளே வந்தபோது வீடே இருண்டது. இறகும் அலகுமாக அவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். கியாவ் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். "என்னடி, அம்மாகிட்ட மாட்டிக்கிட்டியா?" என்று அவன் குனிந்து அவள் காதில் கேட்டது நெகாவலுக்கும் கேட்டது. பிறகு அவளைப் பார்த்தான். "கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?" "அடுப்புப் புகை." "மாவு?" "கட்டியாச்சு. உப்பும் மிளகாயும் தனியா முடிஞ்சு வச்சிருக்கேன், கலந்துடாதீங்க." கேடயத்தில் இருப்பது யார் முடி என்று சொல்லிவிடலாமா? சொன்னால் இந்த முகம் என்ன ஆகும்? அலகுக்குள்ளே அந்த முகம் சின்னதாக, வேர்த்து, நம்பிக்கையோடு இருந்தது. அவன் கேடயத்தை இறக்கினான். உள்துணியின் மேட்டை விரலால் தடவினான். நெகாவல் தன் காதுக்குப் பின்னால் யாரோ தொட்டதுபோல் சிலிர்த்தாள். தடவிய விரல் நிற்கவில்லை, திருப்தியாக விலகியது. தெருவில் அவன் கூட்டத்தார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தோச்லி கேடயத்தின் விளிம்பில் நெற்றியை வைத்து, கண்ணை மூடி, மெல்லிய குரலில் சொன்னான்:

"அக்கா, கூட வாங்க."

"வர்றேன்" என்றாள் நெகாவல்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "உன்னை யாருடி கூப்பிட்டா?" என்றான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கினான்.